நெற்றிச் சுருக்கமும் சிறுநீர்ப்பையும்

2002 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் போட்டாக்ஸ் ஊசிக்குப் புதிய அனுமதி ஒன்றை வழங்கியது: புருவங்களுக்கு இடையே விழும் சுருக்கத்தைப் போக்குவதற்கு. சிறுநீரை அடக்க முடியாமல் தவிப்பவர்களின் சிறுநீர்ப்பையில் அதே மருந்தைச் செலுத்தப் பொதுவான அனுமதி கிடைத்தது 2013 ஜனவரியில். இரண்டையும் நாடிவந்தவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். பெண்ணின் முகம் என்றால் அவசரம், அவள் அவஸ்தை என்றால் நிதானம் என்று இதை வாசித்துவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் வாசித்தேன். நடந்தது அவ்வளவு நேர்கோடாக இல்லை.

இது அடிப்படையில் ஒரு நஞ்சு. கெட்டுப்போன இறைச்சிக் குழல்களைத் தின்று மக்கள் செத்ததை ஆராய்ந்த ஜெர்மானிய மருத்துவர் யுஸ்டினுஸ் கெர்னர் (கவிஞரும்கூட), கட்டுமீறித் துடிக்கும் நரம்புகளை இதன் சிறுதுளி அமைதிப்படுத்தக்கூடும் என்று 1822இலேயே ஊகித்திருந்தார். ஆலன் ஸ்காட் சான் பிரான்சிஸ்கோவில் மாறுகண்ணுக்கு அதைப் பயன்படுத்தி, 1989இல் அனுமதி கிடைக்கும்வரை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது.

முகத்துக்கு அது வந்த வழி ஒரு பெண்ணின் புகார். இமைத் துடிப்புக்காக வான்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கருத்தர்ஸிடம் ஊசி போட்டுக்கொண்ட ஒருவர், இம்முறை புருவத்தருகே ஏன் போடவில்லை என்று கோபித்துக்கொண்டார். அங்கே போட்டால் முகம் தெளிந்துவிடுகிறதாம். ஜீன் அதைக் காதில் வாங்கினார். தோல் மருத்துவரான கணவரோடு சேர்ந்து 1992இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

சிறுநீர்ப்பைக்கான வழியிலும் ஒரு பெண் மருத்துவர் இருக்கிறார். தண்டுவடம் முறிந்தவர்களின் சிறுநீர்ப்பைத் தசையில் இந்த ஊசியைப் போட்டுப் பார்த்த முடிவுகளை, சூரிச்சில் பணியாற்றிய பிரிகிட் ஷுர்ஷ் சகாக்களோடு 2000இல் வெளியிட்டார். 2011இல் முதல் அனுமதியும் இப்படி நரம்புப் பாதிப்பு உள்ளவர்களுக்கே. அதில் நியாயம் உண்டு: அவர்களுக்குப் பையின் அழுத்தம் ஏறினால் சிறுநீரகமே பழுதாகும். மற்றவர்களின் தொல்லை உயிரைக் கொல்வதில்லை. பேருந்தில் ஏறும்முன் கழிப்பறையைத் தேடுவதும், தண்ணீர் குடிக்கப் பயப்படுவதும், திருமண வீட்டில் வாசலோரமாகவே உட்கார்வதும் எந்தப் பரிசோதனை அறிக்கையிலும் ஆபத்தாகப் பதிவாவதில்லை.

'அதீதச் செயல்பாட்டுச் சிறுநீர்ப்பை' என்பதற்குப் பன்னாட்டு அமைப்பொன்று வரையறை வகுத்ததும் அதே 2002இல்தான். மாத்திரை விற்பனையோடு சேர்ந்து பரவிய பெயர் என்று அதன்மீது விமர்சனம் உண்டு; சரியான விமர்சனம். ஆனாலும் 'அடக்கத் தெரியாதவள்' என்ற பழியை ஆளிடமிருந்து எடுத்து உறுப்பின்மேல் வைத்த பெயர் அது. அந்த மாத்திரைகளோ வாயை உலர்த்தின, மலத்தைக் கட்டின. பாதியில் நிறுத்தியவர்கள் ஏராளம்.

ஊசி அவர்களுக்கானது. புருவ மத்திக்கு 20 யூனிட், ஐந்து இடங்களில். சிறுநீர்ப்பைக்கு 100 யூனிட், சிறுநீர்த் துவாரம் வழியாகக் குழாய்க்கருவியை நுழைத்து இருபது இடங்களில். தசையைச் சுருங்கச் சொல்லும் நரம்புச் சமிக்ஞை தடைபடுகிறது. சில மாதங்களில் பலன் தேய்ந்து மறுபடி போட வேண்டும். சிலருக்குத் தசை அளவுக்கு மீறித் தளர்ந்து சிறுநீர் வெளியேறாமலே நின்றுவிடும். அப்படி ஆனால் கதீட்டர் குழாயைப் பயன்படுத்தச் சம்மதமா, முடியுமா என்று ஊசிக்கு முன்பே கேட்டாக வேண்டும் என்பது மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது.