தரங்கம்பாடி அச்செழுத்தும் அதன் அளவும்

அச்செழுத்தின் அளவென்று நாம் கூறுவது தாளிற் பதியும் முகத்தின் அளவன்று. அம்முகத்தைத் தாங்கும் ஈயவுடலின் உயரமேயாம். 'கி' பெறும் மேல்விலங்கும் 'கு' பெறும் கீழ்விலங்கும் அவ்வுடலுள் அடங்கவேண்டியிருத்தலின், தமிழெழுத்தைச் சிறிதாக்குதல் எளிதன்று.

ஜேர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பெற்று 1713 இல் தரங்கம்பாடியை அடைந்த எழுத்துக்கள் மிகப் பெரியன. சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டை அவற்றைக்கொண்டே அச்சிட்டு முடிக்கத் தாள் போதாதாயிற்று. ஆதலின் பொறையாற்றிற் சிறிய எழுத்துக்களை வார்ப்பித்தனர். பாற்கட்டிப் பெட்டிகளின் ஈயத்தகடும் அவ்வார்ப்புக்கு உதவிற்றென்பர். 1715 இல் நூல் நிறைவெய்தியது. எழுத்தின் வரலாற்றை ஆராய்வோர் வடிவழகையே பெரிதும் நோக்குவர். இங்கு எழுத்தைச் சுருக்கியது அழகுணர்ச்சியன்று, தாட்பஞ்சமே என்பது எமது துணிபு. பொறையாற்றிலேயே 1715 இல் தாள் செய்யும் ஆலையொன்றை அவர்கள் நிறுவியமையும் அதனை வலியுறுத்தும்.