சதுரங்கப் பலகையின் இரு நிறங்கள்
சதுரங்கப் பலகையின் 64 கட்டங்கள் தொடக்கத்தில் கருப்பு வெள்ளையாக இருக்கவில்லை. இந்தியாவில் இவ்விளையாட்டு அட்டபதம் என்னும் பழைய 8×8 பலகையில் ஆடப்பட்டது. அப்பலகை ஒரே நிறத்தது. சில கட்டங்களில் மட்டும் குறுக்குக்கோடுகள் உண்டு. சதுரங்கத்தில் அக்கோடுகளுக்கு வேலையில்லை; முந்தைய வேறோர் ஆட்டத்தின் எச்சமாக அவை கருதப்படுகின்றன. பாரசீகரும் அரபியரும் நிறவேறுபாடற்ற கட்டங்களிலேயே ஆடினர்.

இரு நிறம் ஐரோப்பாவில் சேர்ந்தது. சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் மடத்துச் சுவடியில் உள்ள, 10ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த இலத்தீன் பாடல் அத்தகைய பலகையைக் குறிப்பிடுகிறது. உண்மையில் ஆட்ட விதிகளுக்கு நிறம் தேவையே இல்லை. ஆடுபவரின் கண்ணுக்குத்தான் தேவை. மூலைவிட்டமாகச் செல்லும் காயின் பாதை நிறத்தால் உடனே புலப்படும். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைச்சரும் அரசியும் நெடுந்தொலைவு நகரும் ஆற்றல் பெற்றபின் இவ்வுதவி இன்னும் பயன்பட்டது. இந்தியாவிலோ, துணியில் கோடிட்ட ஒரே நிறக் கட்டங்களில் ஆடும் வழக்கம் அதன் பின்னரும் நெடுங்காலம் நீடித்தது.