குடியேறியவரும் குடிமக்களும்

‘குடி’ என்னும் சிறு சொல்லைத் தமிழ் மக்கள் எத்தனை பொருளில் ஆண்டிருக்கின்றனர்! வீடும் குடி, குடும்பமும் குடி, ஊரும் குடி, அரசனால் காக்கப்படும் மக்களும் குடி. புதிய நிலத்திற் சென்று வாழத் தொடங்கியோரைக் குடியேறியவர் என்கிறோம். நாட்டின் முழு உரிமை பெற்றோரைக் குடிமக்கள் என்கிறோம். இரண்டும் ஒரே வேரிற் கிளைத்த சொற்கள். ஆயினும், முதற் சொல்லினின்று இரண்டாம் சொல்லை அடைய, இலங்கை மலைநாட்டுத் தமிழர்க்கு ஏறக்குறைய 180 ஆண்டுகள் ஆயின. அவ்வரலாற்றையே மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு இன்று கூற விரும்புகிறேன்.

1815இல் கண்டி நாடு ஆங்கிலேயர் வசமாயிற்று. சில ஆண்டுகளில் மலைச் சரிவுகளிற் காப்பித் தோட்டங்கள் தோன்றின. அவற்றில் உழைக்கத் திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் சென்றனர். பஞ்சமும் கடனும் அவர்களைத் துரத்தின; கங்காணிகள் முன்பணம் தந்து அழைத்தனர். தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரை மாய்த்தன.

அந்நாளில் அவர்கள் வந்து போகிறவர்களே. காப்பிப் பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869 முதல் இலைநோய் பரவிக் காப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது; ஆண்டு முழுவதும் அதனைப் பறிக்கக் கைகள் வேண்டும். எனவே குடும்பங்கள் தோட்டத்து லயங்களிலேயே தங்கின. பிள்ளைகள் அங்கே பிறந்தனர். பெரியோர் அங்கே புதைக்கப்பட்டனர். வந்து போனவர் குடியேறியவர் ஆயினர்.

ஆனால், பிறர் அவர்களை எவ்வாறு அழைத்தனர்? தமிழிற் ‘கூலி’ என்பது உழைப்புக்குத் தரும் ஊதியம். தோட்டத் துரைமாரின் வாயிலோ, அஃது உழைக்கும் மனிதனுக்கே பெயராயிற்று. 1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், இலங்கைத் தமிழரினின்று வேறு பிரித்து, ‘இந்தியத் தமிழர்’ என இவர்களை எழுதினர். இந்தியாவைக் கண்ணாலும் காணாத குழந்தைக்கும் அப்பெயரே வாய்த்தது.

பெயர்தானே என்று நாம் எண்ணலாம். 1948இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டே பிறந்த குடியுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவனிடமே, ‘உன் தந்தையும் இங்குப் பிறந்தாரா? அன்றேல், பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தனரா?’ என்று கேட்டது. லயத்திற் பிறந்தவன் அதற்குப் பதிவேட்டுச் சான்று எங்கிருந்து காட்டுவான்? பல இலட்சம் மக்கள் நாடற்றவர் ஆயினர்; அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று.

1964இல் சாஸ்திரியாரும் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் ஓர் உடன்படிக்கை செய்தனர். 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள 1974இல் மற்றோர் ஒப்பந்தம் எழுந்தது. மக்களையும் கணக்குப் பார்த்துப் பங்கிட்ட காலம் அது.

அவ்வாறு இங்கு வந்தோருக்கு வேலையளிக்க 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பெற்றன. கோத்தகிரிப் பக்கம் ஒருமுறை சென்றிருந்தபோது, கொழுந்து பறிக்கும் மூதாட்டி ஒருவரிடம், “அம்மா, உங்கள் ஊர் எது?” என்று கேட்டேன். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, “அங்கே எங்களை இந்தியாக்காரர் என்றார்கள், தம்பி, இங்கே சிலோன்காரர் என்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லத்தான் எந்த ஊரிலும் ஆள் இல்லை” என்றார். கேட்ட நான் தலை குனிந்தேன். சிலோன்காரர் என்ற சொல்லை நானும் எத்தனையோ முறை எண்ணிப் பாராமல் வழங்கியவனே.

இலங்கையில் 1988இலும் 2003இலும் இயற்றப்பெற்ற சட்டங்கள், எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கின. அம்மக்கள் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயரும் ஒன்று உண்டு. அதுவே ‘மலையகத் தமிழர்’ என்பது. எங்கிருந்து வந்தனர் என்பதை அப்பெயர் கூறவில்லை. எங்கு வாழ்கின்றனர் என்பதையே கூறுகின்றது. 2023ஆம் ஆண்டில், முன்னோர் வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்கள் மீண்டும் நடந்தனர். பாட்டனும் பூட்டனும் கடன்பட்டு நடந்த வழியிற் பேரர்கள் குடிமக்களாக நடந்தனர்.

நண்பர்களே, உங்கள் வகுப்பிலும் தெருவிலும் வேற்றூரிலிருந்து வந்தோர் இருப்பர். அவர்களை நீங்கள் எச்சொல்லால் அழைக்கிறீர்கள் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வந்த வழியையே நினைவூட்டும் சொல், ஒருவனை என்றும் வாயிற்படியிலேயே நிறுத்திவிடும். ‘நம் ஊரார்’ என்னும் சொல்லே அவனை வீட்டினுள் அழைப்பது.