மீன் தொட்டிக்கும் ஐந்தொகை உண்டு



நம் வளாகத்தில் பல வீடுகளில் இப்போது மீன் தொட்டி இருக்கிறது. பிளாஸ்டிக் செடியை எடுத்துவிட்டு உயிருள்ள செடி வைக்கும் ஆசையும் பரவி வருகிறது. ஆனால் தொட்டி வாங்கிய மறுநாளே மீன் விடுவதும், இரண்டு வாரத்தில் அவை ஒவ்வொன்றாகச் செத்து மிதப்பதும், பிள்ளைகள் அழுவதும் பல வீடுகளில் நடக்கிறது. ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள மனிதர்களுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தக் கதை உங்களுக்கும் பயன்படும்.

1771இல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிந்து கெட்டுப்போன காற்றுக்குள் ஒரு புதினாக் கொத்தை வைத்தார். சில நாட்களில் அந்தக் காற்றில் மெழுகுவர்த்தி மறுபடி எரிந்தது. 1779இல் யான் இங்கன்ஹவுஸ், நீருக்குள் இருக்கும் இலைகள் வெளிச்சத்தில் மட்டுமே நல்ல காற்றைக் குமிழ்களாக விடுவதைக் காட்டினார். செடித் தொட்டிக்கு விளக்கு ஏன் அவசியம் என்பதற்கு விடை அன்றே கிடைத்துவிட்டது.

இதை மீனோடு சேர்த்துப் பார்த்தவர் ராபர்ட் வாரிங்டன். லண்டனில் மருந்து தயாரிப்போர் சங்கத்தில் பணியாற்றிய வேதியியலாளர். 1849இல் ஒரு பெரிய கண்ணாடிக் கலத்தில் இரண்டு தங்கமீன்களையும், நாடா போல நீண்ட இலை கொண்ட வாலிஸ்னேரியா செடியையும் வைத்தார். மீன் விடும் கரியமில வாயு செடிக்கு வரவு. செடி விடும் ஆக்சிஜன் மீனுக்கு வரவு. கணக்கு நேராகும் என்று எதிர்பார்த்தார். ஆனால் பழைய இலைகள் அழுகி நீர் கலங்கியது. அவர் சில குளத்து நத்தைகளை உள்ளே விட்டார். அவை அழுகிய இலையைத் தின்றன; நத்தையின் முட்டைகள் மீனுக்கு இரையாயின. தொட்டி தெளிந்தது. இதை 1850இல் வெளியிட்டார்.

பிரிட்டனில் 1845இலேயே கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டிருந்தது. 1853இல் லண்டன் உயிரியல் பூங்காவில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறந்தது. 1854இல் பிலிப் ஹென்றி காஸ் ‘தி அக்வேரியம்’ என்ற நூலை எழுதினார். அதன்பின் வீட்டுக்கு வீடு தொட்டி வைப்பது நாகரிகமாயிற்று. ஆனால் 1860களின் முடிவுக்குள் அந்த மோகம் அடங்கிவிட்டது. பொறுமையாகப் பராமரிக்க எல்லோராலும் முடியவில்லை.

வாரிங்டனின் பேரேட்டில் இடம்பெறாத ஒரு கணக்கும் இருந்தது. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சு. 1890 வாக்கில் செர்கேய் வினோகிராட்ஸ்கி, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களைப் பிரித்துக் காட்டினார். நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சுதான். நைட்ரேட்டால் தீங்கு மிகக் குறைவு; அது செடிக்கு உரமும்கூட. புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதுமான அளவு இருப்பதில்லை. இரண்டு வாரத்தில் மீன் சாவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

பின்னாளில் ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ, செடித் தொட்டியை நீருக்குள் ஒரு நிலக்காட்சியாகவே மாற்றினார். 2015இல் லிஸ்பன் நகரில் அவர் அமைத்த தொட்டி 40 மீட்டர் நீளம், 1,60,000 லிட்டர் கொள்ளளவு. அவ்வளவு பெரிய தொட்டிக்கும் நம் வீட்டு இரண்டடித் தொட்டிக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றே.

புதிதாகத் தொடங்குவோருக்குச் சில வார்த்தைகள்:

முதலில் செடி நடுங்கள். வாலிஸ்னேரியாவும், இலங்கையைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகோரைன் வென்ட்டியையும் நம் போர்வெல் நீரின் கடினத்தன்மையைப் பெரும்பாலும் தாங்கும். விளக்கு தினமும் 6 முதல் 8 மணி நேரம் போதும். கூடினால் பாசி பிடிக்கும். ஃபில்டரை ஓடவிட்டு, ஒன்றிரண்டு சிறு மீன்களோடு மட்டும் தொடங்கி, நான்கைந்து வாரம் கழித்து மற்றவற்றைச் சேருங்கள். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுங்கள். குளோரின் கலந்த நீரானால் அதை நீக்கும் மருந்தைச் சேர்த்த பிறகே ஊற்றுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாய் நீரில் அலசாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசுங்கள். இல்லையெனில் நல்ல பாக்டீரியாக்களும் போய்விடும்.

தொட்டி வேண்டாம் என்று முடிவெடுத்தால், மீனையோ செடியையோ ஏரியில் விடாமல், வளர்க்க விரும்பும் அண்டை வீட்டாருக்குக் கொடுங்கள். நம் குடியிருப்பில் அப்படிக் கேட்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.