பிரசங்க மண்டபத்தில் ராக் இசை

அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தலைநகர் நாஷ்வில்லில் ரைமன் ஆடிட்டோரியம் என்றொரு பழைய செங்கல் கட்டடம் இருக்கிறது. ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி, உள்ளே நாற்காலிகளுக்குப் பதிலாக நீண்ட மர பெஞ்சுகள். பார்த்தவுடன் சர்ச் என்றுதான் சொல்வோம். ஆனால் பல இரவுகளில் அங்கே ஒலிப்பது எலெக்ட்ரிக் கிதாரும் டிரம்ஸும்.

சர்ச் என்று நினைப்பதிலும் தவறில்லை. தாமஸ் ரைமன் நீராவிப் படகுகளின் முதலாளி. 1885-இல் சாம் ஜோன்ஸ் என்ற பிரசங்கியார் நாஷ்வில்லில் கூடாரம் போட்டு எழுப்புதல் கூட்டம் நடத்தினார். அதைக் கேட்டு மனம் மாறிய ரைமன், இந்த மனிதர் இனிமேல் கூடாரத்தில் பேசக் கூடாது, எல்லாச் சபையாரும் வந்து உட்கார ஒரு பெரிய மண்டபம் வேண்டும் என்று முடிவு செய்தார். கட்டடம் 1892-இல் முடிந்தது. செலவு ஏறத்தாழ 1,00,000 டாலர். மைக் இல்லாத காலம் அது. ஒரு மனிதரின் குரல் கடைசி பெஞ்சு வரை கேட்க வேண்டும். அந்தத் தேவைக்காகக் கட்டியதுதான் பின்னாளில் பாட்டுக்காரர்களுக்கு வரமாயிற்று.

1897-இல் பால்கனி சேர்த்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் பக்கம் நின்று போரிட்ட பழைய வீரர்களின் மாநாட்டுக்காக அது வந்தது. அடிமை முறையைக் காக்க நின்ற தரப்பின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பழைய கட்டடம் என்றால் பெருமை மட்டும் வருவதில்லை, இதுவும் சேர்ந்துதான் வருகிறது.

மண்டபத்துக்குக் கடன் இருந்தது. பிரசங்கத்தால் மட்டும் அது தீராது. எனவே நாடகம், சங்கீதம், சொற்பொழிவு என்று வாடகைக்கு விட்டார்கள். 1901-இல் நியூயார்க் ஆபரா குழு வருவதற்காக மேடை கட்டினார்கள். 1904-இல் ரைமன் காலமானார். மண்டபத்துக்கு அவர் பெயரே நிலைத்தது.

அதன்பின் அரை நூற்றாண்டு காலம் அதை நடத்தியவர் லூலா நாஃப் என்ற பெண்மணி. கணவரை இழந்தவர், சுருக்கெழுத்து வேலை பார்த்தவர். கடிதங்களில் முழுப்பெயர் எழுதாமல் எல்.சி. நாஃப் என்று கையெழுத்திடுவார். ஆண்கள் நடத்திய தொழிலில் அது அவருக்கு உதவியது. ஹெலன் கெல்லரும் இத்தாலியப் பாடகர் கரூஸோவும் அவர் காலத்தில்தான் அந்த மேடை ஏறினார்கள். 1955 வரை அவர்தான் நிர்வாகி.

1943-இல் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற வானொலி நிகழ்ச்சி இங்கே குடியேறியது. சனிக்கிழமை இரவுகளில் நாட்டுப்புற இசைக்காரர்கள் பாட, நாடே கேட்டது. ஏ.சி. கிடையாது, கோடையில் ரசிகர்கள் அட்டை விசிறியால் விசிறிக்கொண்டார்கள். கலைஞர்கள் தங்க இடம் போதாமல் பின்புறச் சந்தில் நின்றார்கள். 1969-இல் ஜானி கேஷ் தம் தொலைக்காட்சி நிகழ்ச்சியை இங்கேயே படமாக்கி, பாப் டிலனையும் ஜோனி மிட்செலையும் அழைத்துவந்தார். கிராமத்துப் பாட்டுக்கும் இளைஞர் பாட்டுக்கும் நடுவே இருந்த சுவர் அந்த மேடையில் கொஞ்சம் இடிந்தது.

அடுத்து இடிபட இருந்தது மண்டபமே. 1974-இல் ஆப்ரி ஊருக்கு வெளியே புதிய அரங்குக்குப் போய்விட்டது. உரிமையாளரான இன்ஷூரன்ஸ் கம்பெனி, இதை இடித்து, அந்தச் செங்கற்களைக் கொண்டு தன் பொழுதுபோக்குப் பூங்காவில் சிறிய தேவாலயம் கட்டலாம் என்று திட்டமிட்டது. எதிர்ப்பு கிளம்பியதால் இடிக்கவில்லை. ஆனால் நிகழ்ச்சியும் பெரிதாக எதுவும் இல்லை. சுற்றுலாப் பயணிகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் கூடாக அது கிடந்தது.

1991-இல் எமிலூ ஹாரிஸ் என்ற பாடகி அங்கே மூன்று இரவுகள் பாடி ஒலிப்பதிவு செய்தார். கட்டடம் பழுதாயிருந்ததால் பால்கனியிலோ அதன் கீழோ ஆள் உட்காரத் தடை. ஏறத்தாழ 200 பேருக்குத்தான் அனுமதி. அந்தப் பதிவைக் கேட்டவர்களுக்கு, இந்த மண்டபம் இன்னும் பாடுகிறதே என்று புரிந்தது. புதுப்பித்து, ஏ.சி. வைத்து, 1994-இல் மீண்டும் திறந்தார்கள். இன்று 2,362 இருக்கைகள்.

நாஷ்வில்லில் வசிக்கும் என் மகள் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் இருவரையும் அங்கே அழைத்துப் போனாள். அன்று இரண்டு இண்டி ராக் குழுக்கள். பெரிய ரெக்கார்டு கம்பெனிகளை நம்பாமல், சிறு கம்பெனி மூலமோ சொந்தமாகவோ பாட்டு வெளியிடுகிறவர்களை இப்படிச் சொல்கிறார்கள். சத்தத்துக்குப் பயந்து பஞ்சு கொண்டுபோயிருந்தோம். முதல் அரைமணி அது தேவைப்பட்டது. பிறகு ஒரு பெண் மற்ற வாத்தியங்களை நிறுத்திவிட்டு, ஒற்றைக் கிதாரோடு மெதுவாகப் பாடினாள். இரண்டாயிரம் பேரும் அசையவில்லை. நான் பஞ்சை எடுத்துவிட்டேன். அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. ரைமன் பிரசங்கியாருக்காகக் கட்டிக்கொடுத்த வசதி அது. "நம்ம ஊர் பஜனையில் உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்றாள் என் மனைவி.

பழைய கட்டடத்தை மனு காப்பாற்றும், சட்டம் காப்பாற்றும். அது சுவர் நிற்கிற வரைக்கும்தான். பூட்டிவைத்த மண்டபத்தை வயதானவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவர்களோடு அந்த நினைவும் போய்விடும். இருபது வயதுப் பிள்ளை டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தால்தான் அதற்கு அடுத்த ஐம்பது வருஷம். அவன் கேட்கும் பாட்டு நமக்குப் பிடிக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

1974-இல் ஆப்ரி வெளியேறியபோது, பழைய மேடையிலிருந்து ஆறடி அகல வட்டமாக மரத்தை அறுத்தெடுத்துப் புதிய மேடையின் நடுவில் பதித்தார்கள். மண்டபம் வேண்டாம் என்றவர்களுக்கும் அதன் மரம் வேண்டியிருந்தது. 2012-இல் ரைமனுக்குப் புதிய மேடை போட்டபோது, பழைய ஓக் பலகையில் 18 அங்குலத்தை முன் விளிம்பில் அப்படியே விட்டுவைத்தார்கள். இன்று பாட வரும் பிள்ளைகள் அந்த விளிம்புக்கு வந்து நின்றுதான் ரசிகர்களுக்கு வணக்கம் சொல்கிறார்கள்.