இரண்டு தடவை செத்த டைனோசர்!

ஒரு பிராணி எத்தனை தடவை சாகும்? 'இதென்ன கேள்வி, ஒரு தடவைதான்' என்பீர்கள். ஸ்பைனோசாரஸ் விஷயத்தில் கணக்கு வேறு. முதல் தடவை அது செத்தது வட ஆப்பிரிக்காவில், சுமார் ஒன்பதரைக் கோடி வருஷங்களுக்கு முன்பு. இரண்டாவது தடவை... 1944 ஏப்ரல் 24 ராத்திரி, ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில்!

எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் ஒரு ஜெர்மானியப் பிரபு. புதைபடிவ ஆராய்ச்சியாளர். பழங்காலப் பாலூட்டிகளின் எலும்புகளைத் தேடி 1910-ல் எகிப்துக்குக் கப்பலேறினார். அடுத்த ஜனவரியில், ஒட்டகங்களோடு பாலைவனத்தைக் கடந்து பஹரியா சோலைக்குப் போய்ச் சேர்ந்தவருக்குக் கிடைத்ததோ டைனோசர் எலும்புகள்!

ஸ்ட்ரோமர் ஊர் திரும்பினாலும், எலும்பு சேகரிப்பதில் கில்லாடியான ரிச்சர்ட் மார்க்கிராஃப் அங்கேயே அவருக்காகத் தோண்டினார். 1912-ல் அகப்பட்டது அந்த விசித்திரம். முதலை மாதிரி ஒடுங்கிய தாடை. முதுகெலும்பிலிருந்து செங்குத்தாக நிற்கும் முட்கள். நீளமான முள் 1.65 மீட்டர், அதாவது ஓர் ஆள் உயரம்! 1915-ல் 'ஸ்பைனோசாரஸ்' (முள் பல்லி) என்று பெயர் வைத்தார் ஸ்ட்ரோமர். டி-ரெக்ஸைவிட நீளமான மாமிசபட்சிணி இது.

மியூனிக் அருங்காட்சியகத்தில் எலும்புகள் பத்திரமாக இருந்தன. ஹிட்லர் வரும் வரை!

ஸ்ட்ரோமருக்கு நாஜிகளைப் பிடிக்காது. அதை அவர் மறைக்கவும் இல்லை. போர் முற்றியதும், 'எலும்புகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுங்கள்' என்று கெஞ்சினார். அருங்காட்சியக இயக்குநர் கார்ல் பியூர்லனோ தீவிர நாஜி. மறுத்துவிட்டார். பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு மழை பொழிந்த அந்த ராத்திரியில், கட்டடத்தோடு எல்லாம் சாம்பல்!

அதோடு போகவில்லை. ஸ்ட்ரோமரின் மூன்று மகன்களில் இரண்டு பேரைப் போர் விழுங்கியது. மூன்றாமவர் ரஷ்யர்களிடம் கைதியானார். போர் முடிந்து வருஷங்கள் கழித்துத்தான் வீடு திரும்பினார். 1952-ல் ஸ்ட்ரோமர் காலமானார். மிஞ்சியவை அவர் எழுதிய குறிப்புகளும், வரைபடங்களும், சில புகைப்படங்களும்தான்.

ஆனால், கதை முடியவில்லை!

2008-ல் மொராக்கோவின் எர்ஃபூத் ஊரில், மீசைக்காரர் ஒருவர் அட்டைப் பெட்டியில் சில எலும்புகளைக் கொண்டுவந்து காட்டினார். பார்த்தவர், நிசார் இப்ராஹிம் என்ற இளம் ஆராய்ச்சியாளர். மறு வருஷம் இத்தாலியின் மிலான் அருங்காட்சியகத்தில் வேறு சில எலும்புகளைப் பார்த்ததும் அவருக்குப் பொறி தட்டியது. 'இரண்டும் ஒரே பிராணியுடையதோ?' தோண்டிய இடம் எது? மீசைக்காரருக்குத்தான் தெரியும். பெயரோ, விலாசமோ கையில் இல்லை!

2013-ல் எர்ஃபூத்தில் தேடித் தேடிச் சலித்து, ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தார் இப்ராஹிம். எதிரே நடந்து போனார் ஒருவர். அதே மீசை!

அவர் காட்டிய இடத்தில் மேலும் எலும்புகள் கிடைத்தன. ஆராய்ச்சி முடிவு 2014-ல் வெளியானது. 2020-ல் துடுப்பு போன்ற வாலும் உலகுக்குத் தெரியவந்தது. இந்த ராட்சசன் நீந்தி வேட்டையாடியதா, கரையோரத்தில் நின்று மீன் பிடித்ததா என்று விஞ்ஞானிகள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள்.

எலும்பைக் கல்லாக்கி, கோடிக்கணக்கான வருஷங்கள் பத்திரமாக வைத்திருந்தது பூமி. மனிதனிடம் வந்தபிறகு முப்பத்திரண்டே வருஷம்தான் தாங்கியது. இப்போது சொல்லுங்கள்... கொடிய மிருகம் எது?