புதுவையின் பெயர் சுமக்கும் பறவைகள்

பறவை பார்த்தல் என்றதும் வேடந்தாங்கலுக்கோ கோடியக்கரைக்கோ புறப்பட்டுச் செல்வதே நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். பயணம் போய்ப் பார்ப்பதைப் பெரிதாகவும், வீட்டு மாடியில் நின்று பார்ப்பதை வெறும் பொழுதுபோக்காகவும் கருதிப் பழகிவிட்டோம். புதுவையின் வடக்கு எல்லையை ஒட்டிய கோட்டக்குப்பத்தில் இருந்துகொண்டு இந்தக் கரையின் பறவை வரலாற்றைப் புரட்டத் தொடங்கியபோது எங்களுக்கு இந்தப் பாகுபாடு நிலைக்கவில்லை. எது வீடு, எது வெளியூர் என்ற கேள்வியே தலைகீழாகிவிட்டது.

முதலில் கவுதாரி. எங்கள் இளமையில் ஊரின் மேற்குப்புறத்து முட்புதர்களிலிருந்து விடியற்காலையில் அதன் குரல் அடுக்கடுக்காக எழும். சந்தையில் கூண்டுக்குள் அடைத்து விற்றதையும் பார்த்திருக்கிறோம். இவ்வளவு வீட்டுப்பறவையான கவுதாரிக்கு அறிவியல் இட்ட பெயரில் புதுச்சேரி இருக்கிறது என்பதை அறிந்தது வெகுகாலம் கழித்துத்தான். அதன் இனப்பெயர் 'பாண்டிசெரியானுஸ்'.

பெயர் வந்த வழி சுவையானது. பியேர் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையாளர் 1774 முதல் 1781 வரை இந்தியாவிலும் கிழக்கு நாடுகளிலும் பயணம் செய்து, கண்டவற்றை 1782-இல் பாரிசில் நூலாக வெளியிட்டார். அதில் புதுச்சேரியின் கவுதாரியை அவ்வூர்ப் பெயரோடு சேர்த்தே விவரித்தார். லின்னேயசின் பெருநூலை விரிவாக்கிக்கொண்டிருந்த ஜெர்மானிய அறிஞர் க்மெலின், அந்த விவரிப்பை எடுத்துக்கொண்டு 1789-இல் இலத்தீன் பெயர் சூட்டினார். மரக்கிளைகளில் பூச்சி தேடும் சாம்பல் நிறச் சிறு கீச்சான் ஒன்றும் சொன்னெராவின் வழியாக அதே ஆண்டில் புதுச்சேரியின் பெயரைப் பெற்றது. குளங்களில் மிதக்கும் குள்ளத்தாரா, மழைக்காலக் காடை ஒன்று, வறண்ட வெளிகளில் ஓடித்திரியும் நெடுங்கால் பறவை ஒன்று ஆகிய மூன்றும் சோழமண்டலக் கரையின் பெயரைப் பெற்றதும் க்மெலினின் அந்த நூலில்தான்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பறவையைக் கண்டவர் பயணி. பெயரிட்டவர் இந்தியாவுக்கே வராதவர். விடியல்தோறும் அதன் குரலைக் கேட்டு எழுந்த உழவரும் உப்பளத் தொழிலாளரும் இந்தக் கதையில் எங்குமே இல்லை. பயணியின் சொல்லை அப்படியே நம்பிவிடவும் முடியாது. இதே சொன்னெரா 1776-இல் எழுதிய முந்தைய நூலில், தாம் காலடி வைத்திராத நியூகினித் தீவில் பென்குயின்களைக் கண்டதாக எழுதினார். அதை நம்பிச் சூட்டிய 'பப்புவா' என்ற பெயரைத் தென்கடல் பென்குயின் இனம் ஒன்று இன்றளவும் சுமந்துகொண்டிருக்கிறது. நல்ல வேளையாகக் கவுதாரி விஷயத்தில் அவர் பொய் சொல்லவில்லை. அது இங்கேதான் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நிலை ஓரளவு மாறியது. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன், 1862-இல் வெளிவரத் தொடங்கிய தம் இந்தியப் பறவைகள் நூலில் தமிழ், தெலுங்குப் பெயர்களையும் கேட்டறிந்து குறித்துவைத்தார்.

இரண்டாவது பறவையின் கதை இதற்கு நேர் எதிரானது. லெஷெனோ த லா தூர் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1816-இல் புதுச்சேரிக்கு வந்தார். இங்குள்ள செடிகொடிகளையும் பறவைகளையும் பாரிஸ் அருங்காட்சியகத்துக்காகச் சேகரித்தார். புதுச்சேரியில் கிடைத்த ஒரு கடற்கரைப் பறவைக்கு 1826-இல் லெஸ்ஸோன் என்பவர் லெஷெனோவின் பெயரையே வைத்தார். தமிழில் உப்புக்கொத்தி என்று வழங்கும் கூட்டத்தைச் சேர்ந்தது அது. உப்பளத்துச் சேற்றில் ஓடுவதும் நிற்பதும் கொத்துவதுமாக இருக்கும் பறவைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது?

ஆனால் அதற்கு இது சொந்த ஊர் அன்று. துருக்கியிலிருந்து மங்கோலியா வரை பரந்த வறண்ட வெளிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க நம் கரைக்கு வருகிறது. அறிவியல் அதை முதன்முதலில் அறிந்ததோ அதன் வெளியூரான புதுச்சேரியில். நாம் மாடியிலிருந்து இறங்கிக் கடற்கரைக்கு நடந்தால் வீட்டில் இருந்தபடியே ஒரு நெடும்பயணியைச் சந்திக்கிறோம். குளிர்காலம் முழுதும் மங்கிய மண்நிறத்தில் திரியும் அது, திரும்பிச் செல்லும் நாள் நெருங்கும்போது மார்பில் செம்மை ஏறப் பெறும். விருந்தாளி புத்தாடை உடுத்துவது விடைபெறும் வேளையில்தான்.

அந்தக் கரைக்கு நேர்ந்ததையும் சொல்லாமல் விட முடியாது. 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துவந்த மணல் அங்கே தடைப்பட்டது. வடக்கே இருந்த கடற்கரைகளைக் கடல் அரித்தது. கோட்டக்குப்பத்தை அடுத்த மீனவர் குப்பங்களில் மணல் கிடந்த இடத்தில் இன்று பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். படகை ஏற்றிவைக்க மீனவருக்கு இடமில்லை. ஓடி இரை தேட உப்புக்கொத்திக்கும் இடமில்லை.

ஆகவே குளிர்காலத்தில் நாங்கள் வடக்கே மரக்காணத்துக்குப் பயணப்படுகிறோம். அங்கே உப்பளங்களில் கடல்நீர் பாத்தி பாத்தியாக வற்றி உறைகிறது. ஆழம் குறைந்த தொடக்கப் பாத்திகளில் சிற்றுயிர்கள் பெருகுவதால் உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் கூடுகின்றன. சில ஆண்டுகளில் பூநாரைகளும் வந்து, தலையைக் கவிழ்த்து நீரை வடிகட்டி உண்ணும் காட்சி கிடைக்கும். உள்ளே தள்ளிக் கழுவெளி. மழைநீரும் கடல்நீரும் கலக்கும் இந்தப் பெருநீர்நிலை, தென்னிந்தியாவின் உவர்நீர்ப் பரப்புகளில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரியது எனப்படுகிறது. 2021-இல் ஏறத்தாழ 5,150 எக்டேர் பரப்புடன் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. இந்த ஏற்புக்காக மகிழ்கிறோம். ஆயினும் காப்பிட எல்லைக்கு வெளியே இருக்கும் முட்புதருக்கும் மணல் கரைக்கும் காவல் யார் என்ற கேள்வி எஞ்சுகிறது.

இந்தக் கேள்விக்கு வீட்டிலிருந்து பார்ப்பவரால்தான் விடை தேட முடியும் என்று நினைக்கிறோம். மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996-இல் மறையும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். காட்டு யானைகளைத் தேடி அலைந்த அவரே காகத்தையும் அணிலையும் அதே கவனத்தோடு எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் தொகுத்திருக்கிறார். வாசித்திராதவர்கள் தேடி வாசிக்க வேண்டும். பயணி ஒருமுறை வந்து இங்கே ஒரு பறவை இருந்தது என்று எழுதிவைக்கிறான். அது எந்த ஆண்டில் குறைந்தது, எந்தப் புதர் வெட்டுண்டபின் குரல் நின்றது என்பதையெல்லாம் அங்கேயே இருப்பவன்தானே சொல்ல முடியும்?

எங்கள் மேற்குப்புறத்து முட்புதர்கள் மனைகளாகிவிட்டன. மாடியிலிருந்து கவுதாரியின் குரலைக் கேட்டு ஆண்டுகள் பல ஆகின்றன. கடைசியாகக் கேட்ட நாளை நாங்கள் குறித்து வைக்கவில்லை. புதுச்சேரியின் பெயரைத் தாங்கிய பறவை எங்கள் தெருவை விட்டுப் போன தேதி எந்த நூலிலும் இல்லை. அந்தத் தவறு மறுபடி நேராதிருக்க, இப்போது மாடிப்படி அருகே ஒரு நோட்டுப்புத்தகம் தொங்குகிறது. இன்றைய பக்கத்தில் இரண்டு செம்போத்து, ஒரு கொண்டலாத்தி, எண்ண முடியாத மைனாக்கள்.